டிரெய்லர் ஃபர்னஸின் இரைச்சல்: பழுது பார்ப்பதா, அடக்குவதா, மாற்றுவதா?

வட அமெரிக்காவில் காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் இழுத்துச் செல்லப்படும் பயண டிரெய்லர்களில் பெரும்பாலானவை, புரோப்பேன் எரிவாயுவில் எரிந்து சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் ஒன்றைக் கொண்டே குளிரைச் சமாளிக்கின்றன. வீட்டு ஃபர்னஸ் நிலவறையிலோ தனி அறையிலோ இருக்கும். டிரெய்லரிலோ அது கட்டிலுக்கு அடியிலோ, அலமாரியின் கீழ்த்தட்டிலோ, குளிர்பதனப் பெட்டிக்குக் கீழேயோ பொருத்தப்படுவதால், உறங்குபவரின் காதுக்கும் அதன் மோட்டாருக்கும் இடையே மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றுதான் நிற்கிறது. குளிர்ந்த இரவில் அது பலமுறை எழுந்து ஊதிவிட்டு அடங்குகிறது. இந்த இரைச்சலுக்குத் தீர்வாகச் சொல்லப்படுபவை பல: பழுது பார்த்தல், ஒலியை அடக்குதல், மின் ஹீட்டரைத் துணைக்கு வைத்தல், டீசல் ஹீட்டர் பொருத்துதல், ஃபர்னஸையே மாற்றுதல். இவற்றில் எது தமக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிக்க இரண்டு விவரங்கள் தெரிந்திருந்தால் போதும் என்பது என் கருத்து. ஒன்று, அந்த இரைச்சல் தொடக்கம் முதலே இருந்ததா, அண்மையில் வந்ததா என்பது. மற்றொன்று, வழக்கமாக முகாமிடும் குளிரில் அந்த ஃபர்னஸ் மணிக்கு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பது.

முதலில் இயக்கமுறையைப் பார்ப்போம், ஏனெனில் தவறான தீர்வுகள் பலவும் இதை அறியாததால் வருபவை. அறையின் சூட்டைக் கண்காணிக்கும் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் 12 வோல்ட் மோட்டார் சுழலத் தொடங்குகிறது. அதன் ஒரே தண்டில் இரண்டு விசிறிச் சக்கரங்கள் உள்ளன. ஒன்று வெளிக்காற்றை எரியறைக்குள் இழுத்துப் புகையை வெளியே தள்ளுகிறது, மற்றொன்று அறைக்காற்றை, தீயின் சூட்டை வாங்கித் தரும் வெப்பப் பரிமாற்றியின் மேல் செலுத்திக் குழாய்கள் வழியாக அனுப்புகிறது. காற்றோட்டம் முழு அளவில் சுமார் முக்கால் பங்கை எட்டிய பிறகே ஒரு சிறு தகடு நகர்ந்து பாதுகாப்பு சுவிட்சை மூடி மின்சுற்றை இணைக்கிறது. எரியறை சில நொடிகள் காற்றால் சுத்தமாக்கப்பட்ட பின்பே எரிவாயு திறந்து பொறி எழுகிறது. வெப்பம் போதுமான அளவை எட்டித் தீ அணைந்த பிறகும், மிச்சச் சூட்டை வெளியேற்ற விசிறி சற்று நேரம் ஓடும். ஆக, ஃபர்னஸுக்கு இருப்பது ஒரே வேகம். பத்து டிகிரி குளிரானாலும் உறைபனியானாலும் அது முழு வேகத்தில் ஊதும், அல்லது நிற்கும்.

விசிறியின் ஒலி வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும் இயல்புடையது. பொறியியல் கணக்குப்படி வேகம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபெல் உயர்கிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே 5 டெசிபெல் அளவுக்கு இறங்குகிறது. இதைப் படித்தவுடன், மோட்டாருக்கு ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை இணைத்துவிடலாமே என்று கைவேலை தெரிந்தவர்களுக்குத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. ஒரே தண்டு என்பதால் அறைக்காற்றோடு எரிகாற்றும் குறையும். பாதுகாப்பு சுவிட்ச் மூடாமல் ஃபர்னஸ் எரியாமலே நின்றுவிட்டால் அது நல்ல முடிவு, மூடும் எல்லையில் நின்று அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பெருகும், வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடேறிக் காலப்போக்கில் விரிசல் காணும். ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளத் தகாத ஒரே வழி இதுதான்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சென்ற பருவத்தில் இல்லாத சத்தம் இந்தப் பருவத்தில் கேட்டால் அது பழுதின் அறிகுறி. பழுதின் மேல் பஞ்சு ஒட்டுவதும், அதற்காகப் புதிய ஃபர்னஸ் வாங்குவதும் இரண்டுமே வீண். தொடங்கும்போது கிறீச்சிட்டுச் சூடேறியதும் மறையும் ஒலி பெரும்பாலும் மோட்டார் பேரிங் தேய்ந்ததைச் சொல்கிறது. மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். சீரான இடைவெளியில் உரசும் ஒலி வந்தால் விசிறிச் சக்கரம் தண்டில் நழுவி உறையைத் தொடுகிறது, அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. புதிய டிரெய்லர்களில்கூடத் தொழிற்சாலையில் விழுந்த மரத்தூளும் திருகாணியும் குழாய்க்குள் கிடப்பதுண்டு. நாய் வளர்ப்பவர்களின் வண்டியில் ரோமம் சேர்ந்து சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும். தரை முழுவதும் அதிர்வது போன்ற முனகலுக்குத் தளர்ந்த திருகாணிகள் காரணமாக இருக்கலாம்.

தீயோடு சேர்ந்து வரும் ஒலிகள் வேறு வகை. எரியும்போது அடித்தொண்டையில் உறுமுவது போன்ற ஒலி கேட்டால், வெளிச்சுவரில் உள்ள காற்று நுழையும், புகை வெளியேறும் வாயில்களை முதலில் பார்க்க வேண்டும். கோடையில் சும்மா இருக்கும் டிரெய்லரின் அந்தச் சிறு துளைகள் மண் குளவிகளுக்கு மிகவும் பிடித்தமான இடம், சிலந்திகளுக்கும் அப்படியே. கூடு எரிகாற்றை மறித்தால் ஒலியும் கெடும், எரிதலும் கெடும். பூச்சி நுழையாமல் கம்பிவலை பொருத்துவது எளிய தீர்வாகத் தோன்றினாலும், அந்த வலையே காற்றைத் தடுக்கக்கூடும் என்பதால் தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். பற்றும் கணத்தில் 'டொம்' என்று அதிரும் ஒலி இவை எல்லாவற்றையும்விடத் தீவிரமானது. எரிவாயு வந்த உடனே பற்றாமல், சற்றுச் சேர்ந்த பிறகு மொத்தமாகப் பற்றுவதால் அந்த அதிர்வு எழுகிறது. எரிவாயு அழுத்தம் அதற்குரிய 11 அங்குல நீர்மட்ட அளவிலிருந்து (அழுத்தத்தை அளக்கும் அலகு இது) விலகியிருக்கலாம், பொறிமுனை இடம் மாறியிருக்கலாம், எரிமுனை அடைபட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும், தகுதியுள்ள தொழில்நுட்பர் பார்க்கும் வரை அந்த ஃபர்னஸை நிறுத்திவைப்பதே முறை. மாறாக, பொறி எழும் 'டிக் டிக்' ஒலியும், தகடு சூட்டில் விரிந்து குளிர்ந்து சுருங்கும்போது எழும் சிறு முறிவொலியும் இயல்பானவை. அவற்றைத் துரத்த வேண்டியதில்லை.

பழுது எதுவும் இல்லை, வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் ஊதுகிறது என்றால், இரண்டாவது கேள்வி முக்கியமாகிறது. வழக்கமாகச் செல்லும் குளிரில் ஓர் இரவு, ஒரு மணி நேரத்தில் ஃபர்னஸ் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். மணிக்கு 30,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) திறன் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தால், அது எரிக்கும் எரிவாயுவின் கணக்கு. அறைக்குள் வருவது அதில் நான்கில் மூன்று பங்கைச் சற்றே தாண்டும், ஏறத்தாழ 23,000 பிடியு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 நிமிடம் ஓடினால் டிரெய்லருக்கு உண்மையில் தேவைப்படும் வெப்பம் 6,000 பிடியுவுக்கும் சற்றுக் குறைவு, அதாவது 1.7 கிலோவாட். 30 நிமிடம் ஓடினால் 3.4 கிலோவாட். இந்த ஒற்றை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மாற்று வழிகளில் எவை தாங்கும், எவை தாங்கா என்பது விளம்பரங்களின் உதவியின்றியே தெரிந்துவிடும்.

இருக்கும் ஃபர்னஸையே அமைதிப்படுத்துவது மற்ற வழிகளைவிடச் செலவு குறைந்தது, பலரும் தவறாகச் செய்வதும் அதுவே. இரைச்சல் என்றதும் ஃபர்னஸ் இருக்கும் பெட்டியை அடைத்து மூடிப் போர்த்தத் தோன்றுகிறது. தேவைப்படுவதோ பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானது. குறுகிய துளை வழியே வேகமாகப் பாயும் காற்றுதான் சீறுகிறது. திரும்பு காற்று, அதாவது அறையிலிருந்து ஃபர்னஸுக்குத் திரும்பும் காற்று, நுழையும் கிராதியின் பரப்பை இரு மடங்காக்கினால் அதே காற்று பாதி வேகத்தில் நுழையும். சீற்றம் வெகுவாகத் தணியும், மோட்டாரும் திணறாமல் சுழலும். ஒவ்வொரு மாதிரிக்கும் இந்தத் திறப்பு குறைந்தபட்சம் எத்தனை சதுர அங்குலம் இருக்க வேண்டும் என்று நிறுவல் கையேட்டில் எழுதியிருக்கிறது. அலங்காரக் கிராதியின் கம்பிகள் மறைக்கும் இடத்தைக் கழித்துவிட்டு அளந்து பார்த்தால், அந்தக் குறைந்தபட்ச அளவையே எட்டாத டிரெய்லர்களும் அகப்படும். சூடான காற்று போகும் பக்கத்திலும் இதே நியாயம்தான். 4 அங்குல நெகிழ்குழாய் கட்டிலுக்கடியில் மடங்கியோ நசுங்கியோ கிடந்தால் அதை நிமிர்த்தி, தேவையற்ற வளைவுகளை வெட்டிச் சுருக்கினால் ஒலியும் குறையும், கடைசி அறைக்குச் சூடும் கூடும்.

காற்றோட்டம் சரியான பிறகுதான் ஒலித்தடுப்புக்கு இடம் உண்டு. திரும்பு காற்று நேராக ஃபர்னஸுக்குள் போகாமல், ஒரு திருப்பம் சுற்றிப் போகும்படி பெட்டிக்குள் தடுப்புப் பலகை அமைத்து, அந்தப் பாதையின் உட்சுவரில் தீப்பற்றாத வகை ஒலி உறிஞ்சும் பொருளை ஒட்டினால், மோட்டாரின் ஒலி நேரே காதுக்கு வரும் வழி அடைபடும். பாதை நீண்டாலும் அகலம் குறையக்கூடாது. ஃபர்னஸைச் சுற்றிக் கையேடு சொல்லும் இடைவெளிகளுக்குள் எந்தப் பொருளும் வரக்கூடாது. அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே அதிர்வு தாங்கும் ரப்பர் வைப்பதானால் எரிவாயுக் குழாயும் புகைவாயிலும் அதனால் இடம் பெயராதா என்று பார்க்க வேண்டும். புகைவாயில் சுவரில் அரை அங்குலம் விலகினாலும் புகை உள்ளே வர வழி பிறக்கும். இந்தப் பணிகள் முடிந்தால் ஃபர்னஸ் மௌனமாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சீற்றமும் அதிர்வும் போய், ஊதும் ஒலி மட்டும் தாழ்ந்து மிஞ்சும். பலருக்கு அதுவே போதுமானது.

தெர்மோஸ்டாட்டையும் இதே வரிசையில் சேர்க்கலாம். உறங்குபவரை எழுப்புவது தொடர்ந்து ஓடும் ஒலியைவிட அது திடீரெனத் தொடங்கும் கணமே. பழைய இயந்திர வகைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக, எத்தனை டிகிரி இறங்கிய பிறகு எரிய வேண்டும் என்று அமைத்துக்கொள்ளத்தக்க டிஜிட்டல் வகையைப் பொருத்தினால், இரவில் தொடக்கங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வெளியே 0 டிகிரி செல்சியஸ் இருக்கையில் உள்ளே 20 டிகிரிக்குப் பதில் 15 டிகிரி போதும் என்று நல்ல போர்வையோடு ஒத்துக்கொண்டால், வெப்ப இழப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது, ஓடும் நேரமும் அதே விகிதத்தில் குறைகிறது. தனியாக எந்தச் செலவும் இல்லாத வழி இது ஒன்றுதான். கூட உறங்குபவர் சம்மதிக்க வேண்டும் என்பது மட்டுமே சிக்கல்.

மின் இணைப்புள்ள முகாம் மனைகளில் தங்குபவர்களுக்கு மின் ஹீட்டரோடு வேறெதுவும் போட்டியிட முடியாது. 1,500 வாட் ஹீட்டர் ஒன்று 5,100 பிடியு தருகிறது. முன்னர் சொன்ன கணக்கில் மணிக்கு 15 நிமிடம் ஓடும் ஃபர்னஸின் வேலையை அது கிட்டத்தட்ட முழுமையாகவே ஏற்றுக்கொள்ளும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையில் விசிறியே இல்லாததால் ஒலியும் இல்லை. ஆனால் 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுக்கிறது. 30 ஆம்பியர் இணைப்பில் இரண்டாவது ஹீட்டரை ஓட்டினால் மைக்ரோவேவ் அடுப்பை முடுக்கியவுடன் பிரேக்கர் விழும். டிரெய்லர்ச் சுவர்களில் உள்ள பிளக் பாயிண்டுகள் பலவும் கம்பியை அழுத்தி இணைக்கும் எளிய வகையைச் சேர்ந்தவை. இரவு முழுவதும் முழுச் சுமை தாங்கிச் சூடேறிக் கருகிய பிளக் பாயிண்டுகள் உண்டு. முதல் இரவிலேயே தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். கூரை ஏசியோடு சேர்ந்து வரும், வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப்பும் மின்சாரத்தில் இயங்குவதே, வாட்டுக்கு வாட் அதிக வெப்பம் தருவதே. எனினும் வெளியே சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது பயனற்றுப்போகும், மேலும் அதன் விசிறியும் கம்ப்ரசரும் கட்டிலுக்கு நேர் மேலே இரைவதால் இரைச்சலிலிருந்து தப்ப நினைப்பவருக்கு அதில் லாபம் இல்லை.

மின் ஹீட்டரின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் ஒரு குழாய் தரைக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிகள் இருக்கும் மூடிய பகுதிக்குப் போகிறது. அறையை மின் ஹீட்டர் சூடாக வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை எழுப்புவதே இல்லை. மேலே மனிதர்கள் இதமாக உறங்க, கீழே குழாய் உறைந்து வெடிக்கும். உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் ஃபர்னஸும் இடையிடையே ஓடும்படி தெர்மோஸ்டாட்டை அமைப்பது, அல்லது தொட்டிகளுக்கு மின் வெப்பப் பட்டைகள் ஒட்டுவது என்ற இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

மின் இணைப்பே இல்லாத காட்டிலும் பாலைவனத்திலும் தங்குபவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஃபர்னஸின் இரைச்சலோடு அதன் மின்பசியும் சேர்ந்து வருகிறது. நடுத்தர, பெரிய ஃபர்னஸ்களின் மோட்டார் ஏறத்தாழ 7 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். 8 ஆம்பியர் என்று கொண்டால், பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடியதற்கே 40 ஆம்பியர் மணி போய்விடும். 100 ஆம்பியர் மணி ஈய-அமில பேட்டரியிலிருந்து கெடுதலின்றி எடுக்கத்தக்கது அதில் பாதிதான். இவர்களிடம் பலகாலமாகப் பெயர் பெற்றவை விசிறியோ மின்சாரமோ தேவைப்படாமல் புரோப்பேனைச் சுடரின்றி எரிக்கும் வினையூக்கி ஹீட்டர்கள். ஒலிம்பியன் வேவ் வரிசை அவற்றில் பலரும் அறிந்தது, வேவ் 3 என்பது 3,000 பிடியு, வேவ் 8 என்பது 8,000 பிடியு வரை தருகிறது. ஒலியைப் பொறுத்தவரை இதுவே முழுமையான தீர்வு. ஆயினும் இவை அறையின் பிராணவாயுவையே எரிக்கின்றன. எரிதலின் விளைபொருள் அறைக்குள்ளேயே தங்குகிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கும் மேல் நீராவி பிறக்கும் என்பது வேதியியல் கணக்கு. அது சன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் நீராகப் படிந்து பூஞ்சையாகும். சன்னல்களைச் சற்றுத் திறந்துவைத்தால் ஈரமும் ஆபத்தும் குறையும், சூடும் கூடவே குறையும். மாலையில் விழித்திருக்கும் நேரத்துக்கு இவற்றை ஏற்கலாம். இரவு உறக்கத்துக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தாலும்கூட.

வெபாஸ்டோ, எபர்ஷ்பேகர் போன்ற ஜெர்மானிய நிறுவனங்கள் லாரி ஓட்டுநர்களுக்காகச் செய்துவந்த டீசல் ஹீட்டர்களும், அவற்றைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் மலிவான வகைகளும் வேறொரு வழி. 2 கிலோவாட் அளவிலான இவை அறைக்குத் தேவையான வெப்பத்துக்கு ஏற்பத் தம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. முதலில் சொன்ன விசிறி விதி இங்கே உறங்குபவருக்குச் சாதகமாகத் திரும்புகிறது. நின்று நின்று எழாமல் இரவு முழுவதும் தாழ்ந்த வேகத்தில் ஓடுவதால் காது அதற்குப் பழகிவிடும். புகை முழுவதும் வெளியே போகிறது, ஈரம் சேர்வதில்லை. பற்றவைக்கும் சில நிமிடங்களில் மட்டும் 8 முதல் 10 ஆம்பியர் இழுத்துவிட்டு, பிறகு ஓரிரு ஆம்பியரில் ஓடுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. டிரெய்லருக்கு டீசல் தொட்டி கிடையாது, தனியாக ஒன்றைப் பொருத்தி நிரப்ப வேண்டும். எரிபொருள் பம்ப்பின் 'டக் டக்' ஒலி ஃபர்னஸைவிட எரிச்சலூட்டுவதாகச் சிலர் உணர்வார்கள். அதை ரப்பர் பிடிப்பில் தொங்கவிட்டுக் கட்டிலிலிருந்து தள்ளிவைக்க வேண்டும். உயரமான மலைகளில் காற்று மெலிவதால் சரிக்கட்டும் வசதி இல்லாத வகைகளில் கரி படியும். புரோப்பேனையே விரும்புபவர்களுக்கு இங்கிலாந்தின் புரோப்பெக்ஸ் எச்எஸ் 2000 இதே அளவில், 1.9 கிலோவாட் திறனில், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது. மணிக்கு 15 நிமிடம் என்ற எண் கிடைத்தவர்களுக்கு இவை பொருந்தும். 30 நிமிடம் என்றால் இவை துணைக்கு மட்டுமே.

கடைசியாக மாற்றுதல். பழைய ஃபர்னஸை எடுத்துவிட்டு அதே வகையில் புதியது ஒன்றைப் பொருத்துவது, இரைச்சலை மட்டும் காரணமாகக் கொண்டால், அர்த்தமற்றது; வேகம் ஒன்றே, அமைப்பு ஒன்றே, குழாய்கள் பழையவையே. வெப்பப் பரிமாற்றியில் விரிசல் கண்டால் மாற்றுவது வேறு விஷயம், அப்போது மாற்றியே ஆக வேண்டும். வகையை மாற்றுவதானால், ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனத்தின் வேகம் மாறும் ஃபர்னஸ்கள் உண்டு. அதன் காம்பி வகை 4, 6 கிலோவாட் அளவுகளில் வெந்நீரையும் சேர்த்தே தருவதால் பழைய நீர்ச்சூடேற்றியின் இடமும் மிச்சமாகும். சுவீடனின் ஆல்டே வகையோ சுடுநீரைச் சுவரோரக் குழாய்களில் சுற்றவிட்டு ஊதல் இல்லாமலே சூடாக்குகிறது. ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள் சிலவற்றில் அது தொழிற்சாலையிலேயே வருகிறது. அமைதியில் இவற்றுக்கு நிகரில்லை. ஆனால் சுவரில் புதிய துளை, புதிய குழாய்வழி, எரிவாயு இணைப்பு, கசிவுச் சோதனை என்று வேலை பெருகும்; ஆல்டே வகையை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள டிரெய்லரில் பொருத்துவது உட்புறத்தையே பிரித்துக் கட்டுவதற்கு ஒப்பானது. டிரெய்லரை இன்னும் பல பருவங்கள் வைத்திருக்கப்போகிறவர், அதுவும் குளிர்காலம் முழுவதும் அதில் வாழ்கிறவர் மட்டுமே இதை எண்ணிப்பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், மின் இணைப்புள்ள இடங்களுக்கே செல்பவர் திரும்பு காற்றுத் திறப்பை அகலப்படுத்தி, ரேடியேட்டர் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இணைப்பில்லாத இடங்களில் குளிர்காலத்தில் தங்குபவர் சிறிய வேகம் மாறும் ஹீட்டர் ஒன்றை இரண்டாவதாகப் பொருத்தலாம். அப்போதும் பழைய ஃபர்னஸைக் கழற்றிவிட வேண்டாம். அடித்தளக் குழாய்களைக் காப்பதும், கடுங்குளிரில் மிச்ச வெப்பத்தைத் தருவதும் அதன் பொறுப்பிலேயே இருக்கும், டிரெய்லரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் அதைத்தான். இடம் மிகக் குறைந்த சிறு டிரெய்லர்கள் மட்டுமே இதற்கு விலக்கு: அங்கே தொட்டிகளும் குழாய்களும் உட்புறத்திலேயே இருந்தால், சிறிய ஹீட்டர் ஒன்றே முழுப் பொறுப்பையும் ஏற்கலாம், ஃபர்னஸ் அடைத்திருந்த பெட்டியைச் சாமான் வைக்க எடுத்துக்கொள்ளலாம், அதன் எரிவாயுக் குழாய் முறைப்படி மூடப்பட்டுக் கசிவு சோதிக்கப்பட்ட பிறகு.